புளித்த பருப்பும் ரத்தக் கொதிப்பும்

சென்னைத் துறைமுகத்துக்கு வடக்கே ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் என்று கடலோரமாகவே நீளும் வட்டாரம் உழவுக்குப் பேர்போனதல்ல. ஆலைகளும், கிடங்குகளும், மீன்பிடித் துறையும், புகைபோக்கிகளுமே இங்கு கண்ணில் படும். ஆனாலும் மீஞ்சூர், பொன்னேரிப் பக்கம் நெல் அறுத்த வயலில் உளுந்தும் பச்சைப் பயறும் எடுக்கும் விவசாயிகளுக்கு இதுவே கைக்கெட்டும் சந்தை. இந்தச் சந்தைக்கு வருகிறவர்களிடையே அண்மைக் காலமாக ஒரு பேச்சு உலவுகிறது. ஸோயா மொச்சையையும் மற்றப் பருப்புகளையும் புளிக்க வைத்துச் செய்யும் பண்டங்கள் ரத்தக் கொதிப்பைத் தணிக்கும் என்பதே அது. அதை நம்பி மாத்திரையை நிறுத்திவிடலாமா என்று கேட்போரும் உண்டு.

கேள்வி அற்பமானதல்ல. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நாடு முழுவதும் நடந்து 2023-ல் வெளியான கணக்கெடுப்பின்படி, 20 வயதைக் கடந்தவர்களில் 35.5 சதம் பேருக்கு ரத்தக் கொதிப்பு இருக்கிறது. கிராமத்தைவிட நகரத்தில் இது கூடுதல். மூன்று பேரில் ஒருவருக்கு உள்ள நோய் என்றால், எந்தத் தெருவும் எந்த வீடும் தப்பாது. தலைச்சுற்றலோ வலியோ காட்டாமல் பல ஆண்டுகள் உள்ளேயே இருந்து, ஒரு நாள் பக்கவாதமாகவோ மாரடைப்பாகவோ வெளிப்படும் நோய் இது. ஆகவே புளித்த பருப்பில் உண்மையில் என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்பதைச் சற்று விரிவாகவே பார்ப்போம்.

புளிக்க வைத்த பருப்பு என்றதும் நமக்கு இட்லி மாவு நினைவுக்கு வரும். உளுந்து மாவைப் பொங்க வைப்பது லூக்கனோஸ்டாக் என்னும் பாக்டீரியா. ஆனால் இட்லி முழு உணவு. கறிக்கு ருசி கூட்டச் சிறிதளவே சேர்க்கும் பண்டமல்ல. பல நாடுகளில் பருப்பைப் புளிக்க வைப்பதே இந்த ருசிக்காகத்தான். ஜப்பானில் மிஸோவும் நாட்டோவும், கொரியாவில் தோயன்ஜாங்கும், சீனம் முழுவதும் ஸோயா சாறும் இவ்வகையைச் சேர்ந்தவை. மேற்கு ஆப்பிரிக்காவில் பார்க்கியா என்ற மரத்தின் கொட்டையை நெடுநேரம் வேக வைத்து, தோல் நீக்கி, மறுபடி வேக வைத்து, இரண்டு முதல் நான்கு நாட்கள் மூடி வைத்துத் தவதவா என்ற பண்டம் செய்கிறார்கள். அதன் வாடை புதியவர்களை ஓட வைக்கும். நம் கருவாட்டு வாடை வேற்றூர்க்காரரை ஓட வைப்பது போலத்தான். அந்நாட்டுக் குழம்புக்கு அது இல்லாமல் முடியாது.

இதற்காக ஆப்பிரிக்கா வரை போக வேண்டியதில்லை. சிக்கிமிலும் டார்ஜிலிங் மலைகளிலும் கினேமா, மணிப்பூரில் ஹவாய்ஜார், மேகாலயத்தில் துங்ரிம்பாய், நாகாலாந்தில் அகுனி என்று நம் வடகிழக்கு மாநிலங்கள் ஒவ்வொன்றும் ஸோயா மொச்சையைப் புளிக்க வைக்கின்றன. கினேமா செய்யும் முறை மிக எளிது. இரவு ஊற வைத்த மொச்சையைக் குழைய வேக வைத்து, லேசாக இடித்து, சிறிது விறகுச் சாம்பல் தூவி, இலையில் பொதிந்து மூங்கில் கூடையில் வைத்து, அடுப்பின் அருகே இரண்டு மூன்று நாட்கள் விட்டுவிடுகிறார்கள். பிரித்தால் நூல் நூலாக இழுபடும். அம்மோனியா நெடி அடிக்கும். இதில் உப்பு சேர்ப்பதே இல்லை. இதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் இது பெரிய வித்தியாசமாகும்.

பர்மாவிலிருந்து வந்தவர்கள்

வட சென்னைக்கு இந்த விஷயம் முற்றிலும் அந்நியமல்ல. 1962-ல் பர்மாவில் ராணுவ ஆட்சி வந்து, 1964-ல் கடைகளும் வியாபாரங்களும் தேசவுடைமை ஆனபின், அங்கு தலைமுறைகளாக வாழ்ந்த தமிழர்கள் கப்பல் கப்பலாகச் சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கினார்கள். வியாசர்பாடியிலும் எண்ணூர்ப் பக்கமும் அவர்களுக்கெனக் குடியிருப்புகள் ஏற்பட்டன. 1969-ல் துறைமுகத்துக்கு எதிரே பர்மா பஜார் தோன்றியது. கடற்கரை ரயில் நிலையத்தின் எதிர்ப்புறத் தெருக்களில் மாலையானால் அத்தோ, மொஹிங்கா விற்கும் தள்ளுவண்டிகள் இவர்கள் கொண்டுவந்த சமையலே.

பர்மியச் சமையலுக்கு உயிர் 'ஙாப்பி' என்னும் மீன் விழுது. மீனையோ இறாலையோ உப்பிட்டுப் புளிக்க வைத்தது. மீன் சேர்க்காதவர்களுக்காக, ஸோயா மொச்சையைப் புளிக்க வைத்த 'பெ ஙாப்பி' அந்நாட்டில் உண்டு. பர்மாவின் ஷான் மலைப் பகுதியில் அதையே வட்டு வட்டாகத் தட்டி உலர்த்தி, நெருப்பில் வாட்டிப் பொடித்துக் கறியில் போடுவார்கள். நம் வடகத்துக்குத் தூரத்து உறவு என்றே சொல்லலாம். சென்னைத் தள்ளுவண்டி அத்தோவில் புளிக்கரைசல், பொரித்த வெங்காயம், பூண்டு எண்ணெய், முட்டைக்கோஸ் இவற்றின் ருசியே முன்னிற்கிறது. கூடவே வாழைத்தண்டு சூப் தருகிறார்கள். ரத்தக் கொதிப்பு உள்ளவருக்கு அந்த வாழைத்தண்டு நல்லது. காரணம் அதிலுள்ள பொட்டாசியச் சத்து.

இன்று இவ்வட்டாரத்தில் புளித்த ஸோயா என்ற பெயரில் வயிற்றுக்குள் போவதில் பெரும்பங்கு வேறு வண்டியிலிருந்து வருகிறது. ஷிப்டு முடிந்து வரும் தொழிலாளி வாங்கும் நூடுல்ஸ், பிரைட் ரைஸில் ஊற்றும் கறுப்புச் சாறுதான் அது. அதைப் பற்றி இரண்டு உண்மைகளைச் சொல்லியாக வேண்டும். முறையான ஸோயா சாறு, வேக வைத்த மொச்சையோடு வறுத்த கோதுமையைக் கலந்து, அஸ்பர்ஜில்லஸ் ஒரைஸே என்ற பூஞ்சாளத்தை ஏற்றி, பிறகு கடும் உப்புநீரில் பல மாதங்கள் ஊறவைத்துப் பிழிவது. மலிவாகக் கிடைப்பவற்றில் பல இப்படிச் செய்யப்படுவதில்லை. எண்ணெய் எடுத்த ஸோயாப் பிண்ணாக்கை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கொதிக்க வைத்து, காரம் சேர்த்து அமிலத்தை முறித்து, நிறத்துக்குக் கருக்கிய சர்க்கரை கலந்தால் சில நாட்களிலேயே சாறு தயார். இதில் புளிப்பும் இல்லை, நுண்ணுயிரும் இல்லை; ஆகவே அவற்றால் வரும் நன்மையும் இல்லை. உப்பு மட்டும் குறையாமல் இருக்கும். புட்டியின் ஒட்டுச் சீட்டில் 'ஹைட்ரலைஸ்டு வெஜிடபிள் புரோட்டீன்' என்று இருந்தால் அது அமிலத்தில் செய்தது என்று அடையாளம் கண்டுகொள்ளலாம்.

புளிப்பில் பிறக்கும் மருந்து

இனி நன்மையைப் பார்ப்போம். நம் உடலில் ஆஞ்சியோடென்சின் என்னும் ஒரு பொருள் ரத்தக் குழாய்களைச் சுருங்க வைக்கிறது. குழாய் சுருங்கினால் அழுத்தம் ஏறும் என்பதை, தோட்டத்துக் குழாயின் வாயைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்த எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. இந்தப் பொருளைத் தயாராக்கிக் கொடுப்பது ஒரு நொதி. அதன் பெயர் சுருக்கமாக ஏ.ஸி.இ. இந்த நொதியைக் கட்டிப்போட்டால் குழாய் தளரும், அழுத்தம் இறங்கும்.

அதைக் கட்டிப்போடும் முதல் துப்பு பாம்பு விஷத்திலிருந்து கிடைத்தது. பிரேஸில் நாட்டு விரியன் ஒன்றின் விஷத்தில் இத்தகைய சத்து இருப்பதை அந்நாட்டு விஞ்ஞானி செர்ஜியோ பெரெய்ரா 1965-ல் வெளியிட்டார். அதைப் பின்பற்றிச் செய்த கேப்டோபிரில் என்ற மாத்திரை 1981-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இன்று ஆஸ்பத்திரிகளில் கொடுக்கும் எனலாபிரில், ராமிபிரில் எல்லாம் அதன் தம்பிகள்.

விஷத்திலிருந்த அந்தச் சத்து புரதத்தின் சிறு துண்டுதான். பருப்பிலும் புரதம் உண்டு. ஸோயா மொச்சையில் 40 சதம் வரை உண்டு. புளிக்க வைக்கும்போது பாக்டீரியாவும் பூஞ்சாளமும் அந்த நீண்ட புரதச் சங்கிலியைத் துண்டு துண்டாக வெட்டுகின்றன. வெட்டிய துண்டுகளில் சில, ஏ.ஸி.இ. நொதியைக் கட்டிப்போடும் குணம் பெற்றிருக்கின்றன. இது கற்பனையல்ல, ஜப்பானிலும் கொரியாவிலும் பல சோதனைச்சாலைகளில் பிரித்தெடுத்துக் காட்டியிருக்கிறார்கள். ஸோயா சாற்றில் நிக்கோட்டியனமைன் என்ற பொருள் இதே வேலையைச் செய்வதையும் ஜப்பானியர் 1993-ல் கண்டார்கள். இவை தவிர, நரம்பின் வேகத்தைத் தணிக்கும் காபா என்ற அமினோ அமிலமும் புளிப்பில் பெருகுகிறது.

நாட்டோவுக்குத் தனிச் சிறப்பு ஒன்று உண்டு. வேக வைத்த மொச்சையில் பேஸில்லஸ் ஸப்டிலிஸ் என்ற பாக்டீரியாவை ஏற்றி ஒரே நாளில் செய்வது அது, உப்பு கிடையாது. அந்த இழுவையில் நாட்டோகைனேஸ் என்னும் நொதி இருப்பதையும், அது ரத்தக் கட்டியைக் கரைப்பதையும் ஹிரோயுகி ஸுமி என்ற ஜப்பானிய ஆராய்ச்சியாளர் கண்டுபிடித்து 1987-ல் வெளியிட்டார். கொரியாவில் 2008-ல் வெளியான ஒரு சோதனையில், ரத்த அழுத்தம் சற்று ஏறியிருந்தவர்களில் ஒரு சாராருக்கு இந்த நொதியையும் மற்றொரு சாராருக்கு வெறும் மாவுக் குளிகையையும் எட்டு வாரம் கொடுத்தார்கள். நொதி சாப்பிட்டவர்களுக்கு மேல் அளவு 5.5 புள்ளியும் கீழ் அளவு 2.8 புள்ளியும் கூடுதலாக இறங்கின. அதாவது 150 இருந்த இடத்தில் 145 என்று வைத்துக்கொள்ளலாம். நல்லதுதான், ஆனால் மாத்திரைக்கு மாற்று என்று சொல்லும் அளவல்ல.

இன்னும் பெரிய சான்று ஜப்பானில் 4,165 பேரை ஐந்தாண்டுகள் பின்தொடர்ந்து 2017-ல் வெளியிட்ட ஆய்வு. தொடக்கத்தில் ரத்தக் கொதிப்பு இல்லாதவர்களில், மிஸோவும் நாட்டோவும் அதிகம் சாப்பிட்டோருக்குப் பின்னாளில் அந்நோய் வருவது குறைவாக இருந்தது. கவனிக்க வேண்டியது என்னவென்றால், புளிக்க வைக்காத ஸோயாப் பண்டங்களில் இந்தப் பலன் தென்படவில்லை. ஆகவே பலன் மொச்சையால் மட்டும் வருவதல்ல, புளிப்பால் வருகிறது என்று ஊகிக்க இடமிருக்கிறது. ஊகம் என்றே சொல்கிறோம். நாட்டோ விரும்பிச் சாப்பிடுகிறவர் மற்றபடியும் கட்டுப்பாடான பழக்கம் உள்ளவராக இருக்கலாம். இத்தகைய ஆய்வுகளில் இந்தச் சந்தேகத்தை முழுவதும் நீக்க முடியாது.

உப்பு என்னும் எதிர்க்கட்சி

இங்கேதான் விஷயம் திரும்புகிறது. நாட்டோவிலும் கினேமாவிலும் தவதவாவிலும் புளிக்க வைக்க உப்பு தேவையில்லை. மிஸோவிலும் ஸோயா சாற்றிலும் உப்பு இல்லாமல் முடியாது. மாதக் கணக்கில் ஊறும்போது அழுகல் கிருமிகளைத் தடுப்பதே அந்த உப்புதான். ஸோயா சாற்றில் நூற்றுக்கு 16 பங்குக்குக் குறையாமல் உப்பு இருக்கும். ஒரு மேஜைக் கரண்டி, அதாவது 15 மில்லி சாற்றில் சுமார் 900 மில்லிகிராம் ஸோடியம். உலக சுகாதார நிறுவனம் ஒருவருக்கு ஒரு நாளைக்கு வரையறுத்திருப்பது 2,000 மில்லிகிராம் ஸோடியத்துக்குள். உப்பாகச் சொன்னால் 5 கிராமுக்குள், ஒரு தேக்கரண்டி. ஆக, வண்டிக்காரர் ஒரு கரண்டி சாற்றைச் சுழற்றி ஊற்றும்போதே நாள் கணக்கில் ஏறக்குறைய பாதி தீர்ந்துவிடுகிறது. அதற்கு மேல் அவர் உப்பும் அஜினமோட்டோவும் தனியாகத் தூவுகிறார்.

மிஸோவில் உள்ள உப்பு வெறும் உப்பைப் போல் கெடுதல் செய்யாது என்று ஒரு வாதம் உண்டு. உப்பு தின்றால் அழுத்தம் ஏறும்படியாக வளர்த்த எலிகளில், அதே அளவு உப்பு மிஸோ வழியாகச் சென்றபோது ஏற்றம் குறைவாக இருந்ததை ஜப்பானில் காட்டியிருக்கிறார்கள். எலிக்கு அது உண்மை. மனிதர்களின் கதையோ அகிட்டா மாவட்டத்தில் இருக்கிறது. வட ஜப்பானின் இந்தப் பகுதியில் 1950-களில் ஒருவர் நாளொன்றுக்கு 25 கிராமுக்கும் மேல் உப்பு சாப்பிட்டார். குளிர்காலம் முழுதும் உப்பில் ஊறிய காய், மிஸோ சூப், ஸோயா சாறு இவைதான் சாப்பாடு. புளித்த மொச்சைக்கு அங்கு பஞ்சமே இல்லை. ஆயினும் மூளை ரத்தக் குழாய் வெடித்து நடுவயதிலேயே சாவது அங்கு சர்வசாதாரணமாக இருந்தது. புளிப்பின் நன்மை உப்பின் கெடுதலை வென்றிருக்குமானால் இது நடந்திருக்காது. பின்னர் உப்பைக் குறைக்கும் இயக்கம் பல்லாண்டு நடந்து, ஜப்பானில் பக்கவாதச் சாவு பெரிதும் குறைந்தது.

அதே வட்டாரத்தில், ஹிரோஸாகி பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த நவோஸுகே ஸஸாகி என்ற மருத்துவர் ஒரு விந்தையைக் கவனித்தார். உப்பு அதிகம் தின்னும் அந்த மக்களிடையே, ஆப்பிள் பயிரிடும் கிராமத்தாருக்கு மட்டும் ரத்த அழுத்தம் குறைவாக இருந்தது. காரணம் அவர்கள் தாராளமாகத் தின்ற ஆப்பிளில் உள்ள பொட்டாசியம் என்று அவர் கருதினார். விளைவித்ததை விற்பதோடு வீட்டுக்கும் வைத்துக்கொண்ட விவசாயிக்குக் கிடைத்த பலன் இது. நமக்கு ஆப்பிள் வேண்டாம்; வாழைத்தண்டும், கீரையும், இளநீரும், முளைகட்டிய பயறும் போதும்.

எண்ணூர்ப் பகுதிக்கும் உப்புக்கும் உள்ள சொந்தம் பழையது. அத்திப்பட்டு, வல்லூர்ப் பக்கத்து அளங்களில் விளைந்த உப்பு படகேறி பக்கிங்காம் கால்வாய் வழியே நகரத்துக்கு வந்த காலம் உண்டு. சென்ட்ரல் ரயில் நிலையத்தை அடுத்த 'சால்ட் கொட்டார்ஸ்' என்ற இடப்பெயர் உப்புக் கொட்டாரத்தை இன்றும் நினைவூட்டுகிறது. இன்று அளங்கள் பலவற்றில் மின் நிலையமும் துறைமுகமும் வந்துவிட்டன; உணவில் உப்பு மட்டும் குறைந்தபாடில்லை. கருவாடு, ஊறுகாய், அப்பளம் மூன்றும் சேர்ந்தால் மதியச் சாப்பாட்டிலேயே ஐந்து கிராம் எட்டிவிடும். அப்பளத்தில் உப்புக்கு மேல் அப்பளக்காரமும் இருக்கிறது; அதுவும் ஸோடியமே, நாக்குக்குத்தான் உப்பாகத் தெரிவதில்லை. மீஞ்சூர் வட்டாரத்தில் நிலத்தடி நீரை அளவுக்கு மீறி இறைத்ததால் கடல்நீர் உட்புகுந்து பல கிணறுகள் உவர்த்துவிட்டன. அத்தகைய நீரைக் குடிப்பவர் தம் உப்புக் கணக்கில் தண்ணீரையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

நம் வடகத்தின் கணக்கு

புளித்த பருப்புச் சுவைப்பொருள் நமக்கும் ஒன்று உண்டு. சித்திரை, வைகாசி வெயிலில் மாடிக்கு மாடி காயும் தாளிப்பு வடகம் அது. செய்முறையில் வீட்டுக்கு வீடு வித்தியாசம் உண்டென்றாலும் அடிப்படை இதுதான். சின்ன வெங்காயம் ஒரு கிலோ, பூண்டு 100 கிராம் இரண்டையும் ஒன்றிரண்டாக இடிக்க வேண்டும். 200 கிராம் உடைத்த கறுப்பு உளுந்தை ஊறவைத்துக் கொரகொரப்பாக அரைத்துச் சேர்க்க வேண்டும். கடுகு, சீரகம், வெந்தயம், மஞ்சள்தூள், கறிவேப்பிலை கலந்து, உப்பிட்டு, மண்சட்டியில் இரவெல்லாம் மூடி வைத்தால் நீர் விட்டுப் புளிப்பேறும். காலையில் உருண்டை பிடித்து வெயிலில் காயவைத்து, மாலையில் உதிர்த்து, சட்டியில் தங்கிய சாற்றிலேயே மறுபடி பிசைந்து மூடிவைக்க வேண்டும். இப்படி ஏழு, எட்டு நாட்கள். கடைசியில் விளக்கெண்ணெய் தொட்டு உருட்டிச் சுக்காகக் காயவைத்தால் வருடம் முழுவதும் கெடாது.

இதில் உப்பு எவ்வளவு? ஒரு கிலோ வெங்காயத்துக்கு 75 கிராம் கல்லுப்பு என்று கொள்வோம். எல்லாம் காய்ந்தபின் சுமார் 500 கிராம் வடகம் மிஞ்சும். ஆக 10 கிராம் உருண்டை ஒன்றில் உப்பு ஒன்றரை கிராம். அந்த ஓர் உருண்டையைத் தாளித்த குழம்பை ஐந்து பேர் பகிர்ந்தால் தலைக்கு 0.3 கிராம். ஊறுகாயோடு ஒப்பிட்டால் இது கொஞ்சமே. வடகத்தை ஒதுக்க வேண்டிய அவசியமில்லை. ஆனால் வடகம் போட்ட குழம்புக்கு வழக்கமான உப்பைப் போடாமல், கால் பங்காவது குறைத்துப் போட வேண்டும்.

புளித்த பருப்பின் உண்மையான பயன் இங்கேதான் இருக்கிறது என்பது எம் அபிப்பிராயம். புரதம் சிதையும்போது குளூட்டமிக் அமிலம் விடுபடுகிறது. கறிக்கு ஒரு கனமான ருசியைத் தருவது அது. டோக்கியோவில் கிகுனே இகெடா என்ற பேராசிரியர் 1908-ல் இதைக் கடற்பாசியிலிருந்து பிரித்துக் காட்டினார். இந்த ருசி இருந்தால் நாக்கு உப்பை அதிகம் கேட்பதில்லை. உப்புக்குப் பதிலாக முறையான ஸோயா சாற்றை அளவோடு சேர்த்தால், ருசி குறையாமலே மொத்த ஸோடியத்தைக் குறைக்கலாம் என்று ஹாலந்தில் சுவைத்துப் பார்த்து நிரூபித்திருக்கிறார்கள். உப்புக்குப் பதிலாக என்பது முக்கியம். உப்புக்கு மேல் சேர்த்தால் கதை கெட்டது. புரதத்தில் பிறந்த துண்டுகள் ரத்தக் குழாயில் செய்யும் வேலையைவிட, ருசி சமையலறையில் செய்யும் இந்த வேலை ஏழை வீட்டுக்கு அதிகம் பயன்படும்.

அதே சமயம் நாட்டோவுக்குக் கிடைத்த சான்றை அப்படியே வடகத்தின் தலையில் ஏற்றிச் சொல்வதும் நியாயமாகாது. பருப்பு வேறு, கிருமி வேறு, தாளிக்கும்போது படும் சூடு வேறு. நாட்டோகைனேஸ் சூட்டில் அழிந்துவிடும் நொதி. வடகம் மருந்து என்று விலை கூட்டி விற்க வருபவரிடம் ஜாக்கிரதையாக இருப்பது நல்லது.

சில எச்சரிக்கைகள்

மாத்திரை சாப்பிடுகிறவர் எந்தப் பண்டத்தை நம்பியும் அதை நிறுத்தக்கூடாது. 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் ரத்தக் கொதிப்புக்கும் நீரிழிவுக்கும் மாத்திரை வீடு தேடியே வந்தது. அரசு ஆஸ்பத்திரிகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் இலவசம். 140-க்கு 90 என்ற அளவை எட்டினாலே மருத்துவரைப் பார்க்க வேண்டும். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின், அசிட்ரோம் போன்ற மாத்திரை சாப்பிடுவோர், இதயத்தில் வால்வு வைத்துக்கொண்டவர்கள் உட்பட, நாட்டோவையோ அதன் குளிகையையோ தொடவே கூடாது. நாட்டோவில் மிகுந்துள்ள கே வைட்டமின் அந்த மாத்திரையின் வேலையை முறித்துவிடும்.

பொட்டாசியம் கலந்த உப்பு கடைகளில் கிடைக்கிறது. சீனாவில் 600 கிராமங்களில் ஏறக்குறைய 21,000 பேரிடம் இத்தகைய உப்பைச் சோதித்து 2021-ல் வெளியிட்டார்கள். முக்கால் பங்கு சாதா உப்பும் கால் பங்கு பொட்டாசியம் குளோரைடும் கலந்த அந்த உப்பால் பக்கவாதம் 14 சதம் குறைந்தது. 2025 ஜனவரியில் உலக சுகாதார நிறுவனமும் இதற்குச் சாதகமாகப் பரிந்துரை வெளியிட்டது. ஆனால் சிறுநீரகக் கோளாறு உள்ளவருக்கு இது ஆபத்து. எனலாபிரில் வகை மாத்திரை சாப்பிடுவோரும் மருத்துவரைக் கேட்காமல் இந்த உப்புக்கு மாறக்கூடாது. அந்த மாத்திரையே பொட்டாசியத்தை உடலில் தேக்கி வைக்கும்.

கினேமாவை வீட்டில் செய்து பார்க்க ஆசைப்படுவோருக்கும் ஒரு வார்த்தை. மலைவாசிகள் பரம்பரை அனுபவத்தில் கூடையையும் இலையையும் பக்குவத்தையும் அறிந்தவர்கள். நாம் சுத்தமில்லாமல் செய்தால் வேண்டிய பேஸில்லஸுக்குப் பதிலாக வாந்தி பேதி தரும் அதன் பங்காளி வளர்ந்துவிடும்.

பயிரிடுவோருக்கு

ஸோயா மொச்சையில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக் கழகத்தின் கோ 1, கோ 2, கோ 3 ஆகிய ரகங்கள் நம் சீதோஷ்ணத்துக்கு ஏற்றவையாக வெளியிடப்பட்டவை. தனிப்பயிராக எக்டேருக்கு 60 முதல் 80 கிலோ விதை பிடிக்கும். மூன்று மாதங்களுக்குள் அறுவடைக்கு வரும். இப்பயிரை முதன்முறை இடும் நிலத்தில் ரைசோபியம் கலந்து விதைப்பது அவசியம். மொச்சை வேரில் முடிச்சுப் போடும் கிருமி நம் மண்ணில் தானாக இருக்குமென்று நம்பக்கூடாது. விதையின் முளைப்புத் திறன் சேமிப்பில் வெகு சீக்கிரம் குறைந்துவிடும். சென்ற ஆண்டு மூட்டையை அப்படியே விதைக்காமல், நூறு விதையை ஈரச் சாக்கில் வைத்து முளைப்பு பார்த்த பிறகே விதைக்கவும். வாங்குபவரை முன்கூட்டியே பேசிக்கொள்ளாமல் பெரிய அளவில் இறங்க வேண்டாம். உளுந்தைப் போல எந்தச் சந்தையிலும் கொட்டி விற்றுவிடக்கூடிய சரக்கல்ல இது.

மீஞ்சூர், பொன்னேரி விவசாயிகளுக்கு உளுந்தும் வெங்காயமும் சேர்ந்த வடகமே கைமேல் பலன் தரும். உளுந்தைப் பருப்பாக விற்பதைவிட, வீட்டுப் பெண்கள் குழுவாகச் சேர்ந்து வடகமாக்கி விற்றால் கிலோவுக்குக் கிடைக்கும் தொகை கூடும். பழைய, வண்டு விழுந்த உளுந்தை இதற்கு ஒதுக்கிவிடும் வழக்கம் கூடாது. புளிப்பு சரியாக ஏறாது, கசப்பும் தட்டும்.

எண்ணூர், அத்திப்பட்டுத் தெருக்களில் மாடியில் காயவைப்போர் மெல்லிய வெள்ளைத் துணியால் மூட வேண்டும். மின் நிலையச் சாம்பலும் லாரிப் புழுதியும் ஈர உருண்டையில் ஒட்டினால் பிறகு போகாது. கடற்காற்றில் ஈரம் அதிகமாதலால் மாலை நான்கு மணிக்கே உள்ளே எடுத்துவிடுவது நல்லது. உருண்டையைப் பிளந்து பார்த்தால் நடுவில் ஈரம் தெரியக்கூடாது. பச்சையாகவோ கறுப்பாகவோ பூஞ்சாளம் பிடித்த உருண்டையைச் சுரண்டிவிட்டு உபயோகிக்க வேண்டாம். அந்தத் தட்டில் உள்ளதையெல்லாம் கொட்டிவிட வேண்டும். உப்பைக் குறைத்துச் செய்கிறவர்கள் கூடுதலாக இரண்டு நாள் வெயில் காட்ட வேண்டும். ஐப்பசி மழை ஓய்ந்ததும் ஜாடியிலிருந்து எடுத்து ஒரு முறை உலர்த்தி, மறுபடி விளக்கெண்ணெய்க் கை தடவி மூடி வைத்தால் அடுத்த சித்திரை வரை தாங்கும்.